ஆங்கில இலக்கணம், வாசகர் கேள்வி – பதில்: பார்ட்டிசிபிளும் நம் பெயரெச்சமும்

கேள்வி: ஐயா, நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் என் மகள், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் அக்கவுண்ட்ஸ்’ என்றாள். ‘இன்ட்ரஸ்டட்’ என்று திருத்தினேன். ‘ஆர்வம் இப்போதுதானே இருக்கிறது, எதற்கு இறந்தகாலம்?’ என்று திருப்பிக் கேட்டாள். பிரசன்ட் பார்ட்டிசிபிள் நிகழ்காலம், பாஸ்ட் பார்ட்டிசிபிள் இறந்தகாலம் என்றுதான் நானும் படித்திருக்கிறேன். அவளுக்கு என்ன விடை சொல்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, ஆசிரியர் வேலைக்கான என் முதல் நேர்முகத் தேர்வில் நானும் ஏறக்குறைய இதையே சொன்னேன், அம்மா. ‘ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் டீச்சிங், சார்’ என்றேன். எதிரே இருந்த மூவரில் நடுவில் அமர்ந்திருந்தவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு, ‘அதை மாணவர்கள் சொல்லட்டும், தம்பி’ என்றார். கேலி செய்கிறார் என்பது உடனே புரிந்தது. எதற்காகக் கேலி செய்தார் என்பது 29சி பேருந்தில் பாதி வழி வந்த பிறகுதான் புரிந்தது. ‘ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்’ என்றால் ‘நான் சுவாரசியமான ஆள்’ என்று பொருள். ‘எனக்கு ஆர்வம் இருக்கிறது’ என்று சொல்ல நினைத்து, ‘என்னைக் கண்டால் பிறருக்கு ஆர்வம் பிறக்கும்’ என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

குழப்பத்துக்குக் காரணம் உங்கள் மகள் அல்ல, நீங்களும் அல்ல. அந்த இரண்டு பெயர்கள்தான். ‘பிரசன்ட்’, ‘பாஸ்ட்’ என்ற அடைமொழிகளைப் பார்த்ததும் இவை காலம் காட்டும் சொற்கள் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பார்ட்டிசிபிள், அதாவது வினையிலிருந்து பிறந்து பெயருக்கு அடையாகவும் வரும் சொல்வடிவம், தனியாக நின்று காலம் காட்டுவதில்லை. ‘த ஷாப் வில் பி க்ளோஸ்டு டுமாரோ’ என்ற வாக்கியத்தில் கடை மூடப்படப்போவது நாளை. ஆனாலும் ‘க்ளோஸ்டு’ என்பது பாஸ்ட் பார்ட்டிசிபிள்தான். ‘ஐ சா எ க்ரையிங் சைல்ட் யெஸ்டர்டே’ என்பதில் குழந்தை அழுதது நேற்று. ஆனாலும் ‘க்ரையிங்’ என்பது பிரசன்ட் பார்ட்டிசிபிள்தான். காலத்தைச் சுமக்கும் வேலை ‘வில் பி’, ‘சா’ போன்ற வினைகளுடையது. நம் மொழியிலும் ‘கடை மூடியிருந்தது, மூடியிருக்கிறது, மூடியிருக்கும்’ என்று சொல்லும்போது ‘மூடி’ மாறாமல் நிற்க, ‘இரு’ என்பதுதானே காலத்துக்கு ஏற்ப மாறுகிறது? இந்தப் பெயர்களின் தொல்லையை உணர்ந்துதான், பிற்கால ஆங்கில இலக்கண நூல்கள் சிலவற்றில் ‘இங் பார்ட்டிசிபிள்’, ‘எட் பார்ட்டிசிபிள்’ என்று ஈற்றை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். நானும் இனி ‘இங் வடிவம்’, ‘எட் வடிவம்’ என்றே எழுதுகிறேன்.

தமிழர்களாகிய நாம் இந்தப் பள்ளத்தில் மற்றவர்களைவிட எளிதாக விழுவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் பெயரெச்சம் உண்மையாகவே காலம் காட்டும். செய்த, செய்கின்ற, செய்யும் என்று மூன்று காலத்துக்கும் மூன்று வடிவம் வைத்திருக்கிறோம். அந்தப் பழக்கத்தில் ‘இங்’ என்றதும் ‘செய்கின்ற’ என்றும், ‘எட்’ என்றதும் ‘செய்த’ என்றும் மனம் தானாக மொழிபெயர்த்துக்கொள்கிறது.

காலம் இல்லையென்றால் இந்த வடிவங்கள் எதைத்தான் காட்டுகின்றன? அடுப்படிக்குப் போவோம். பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டிருக்கிறது, ஓரத்தில் நுரை கட்டி மேலேறப் பார்க்கிறது. அது ‘பாய்லிங் மில்க்’. காய்ச்சி, ஆற்றி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலையில் சில்லென்று எடுத்தாலும் அது ‘பாய்ல்டு மில்க்’. முன்னதில் செயல் நடந்துகொண்டிருக்கிறது, பின்னதில் செயல் முடிந்து அதன் விளைவு பாலில் தங்கியிருக்கிறது. இது ஒரு வேறுபாடு. இன்னொன்று, ‘பாய்ல்டு மில்க்’ என்னும்போது யாரோ ஒருவர் பாலைக் காய்ச்சியிருக்கிறார். பால் அந்தச் செயலுக்கு ஆட்பட்டிருக்கிறது. ஆக, ‘இங்’ வடிவம் செய்கிற பக்கம், நடக்கிற பக்கம் நிற்கும்; ‘எட்’ வடிவம் செயலுக்கு ஆட்பட்ட பக்கம், முடிந்த பக்கம் நிற்கும்.

இனி உங்கள் மகளின் வாக்கியத்துக்கு வருவோம். ‘இன்ட்ரஸ்ட்’ என்ற ஆங்கில வினைக்கு ‘ஆர்வம் கொள்’ என்று பொருள் இல்லை, ‘ஆர்வமூட்டு’ என்றுதான் பொருள். ‘போர்’ என்றால் சலிப்பூட்டு; ‘எக்ஸைட்’ என்றால் பரபரப்பூட்டு; ‘சர்ப்ரைஸ்’ என்றால் வியப்பூட்டு. எனவே ஊட்டுகிற பொருளுக்கு ‘இங்’, ஊட்டப்பட்ட மனத்துக்கு ‘எட்’. கணக்குப் பாடம் ஆர்வமூட்டுகிறது, ஆகையால் அது ‘இன்ட்ரஸ்டிங்’. உங்கள் மகள் ஆர்வமடைந்திருக்கிறாள், ஆகையால் அவள் ‘இன்ட்ரஸ்டட்’. வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி இதுதான்: தமிழில் ‘ஊட்டும்’ என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் ‘இங்’, ‘அடைந்த’ என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தினால் ‘எட்’. சலிப்பூட்டும் பேச்சு, சலிப்படைந்த கூட்டம். வியப்பூட்டும் செய்தி, வியப்படைந்த மக்கள்.

நம் மொழியில் இதைவிட அழகான ஒரு ஏற்பாடும் இருக்கிறது. குழம்பு – குழப்பு, வருந்து – வருத்து என்று தன்வினைக்கு மெல்லெழுத்தும் பிறவினைக்கு வல்லெழுத்தும் வரும் இணைகளை எண்ணிப் பாருங்கள். குழப்பும் கேள்வி ‘கன்ஃப்யூசிங்’. குழம்பிய மாணவன் ‘கன்ஃப்யூஸ்டு’. வருத்தும் செய்தி ‘டிஸ்ட்ரெஸ்ஸிங்’. வருந்திய தாய் ‘டிஸ்ட்ரெஸ்டு’. ஆங்கிலேயர் ஈறு மாற்றிக் காட்டுவதை நாம் ஒரே ஓர் எழுத்தின் வன்மை மென்மையில் காட்டிவிடுகிறோம். எல்லா வினைகளுக்கும் இது கைகொடுக்காது என்றாலும், கைகொடுக்கும் இடத்தில் தவறவே விடாது.

‘எனக்குப் போரடிக்கிறது’ என்று நினைத்துவிட்டு ‘ஐ ஆம் போரிங்’ என்று சொல்வதும் இதே விபத்துதான். ‘எனக்கு’ என்பதை ‘ஐ’ ஆக்கி, ‘அடிக்கிறது’ என்பதிலுள்ள நிகழ்காலத்தை ‘இங்’ ஆக்கிவிடுகிறோம். அங்கே போரடிப்பது படமோ பாடமோ வேறு ஏதோ ஒன்று. ஆகையால் ‘இட் இஸ் போரிங்’ என்று அதன்மேல் பழியைப் போடலாம், அல்லது ‘ஐ ஆம் போர்டு’ என்று நம் நிலையைச் சொல்லலாம்.

கேள்வி: ‘படித்த புத்தகம்’, ‘படித்த பள்ளி’, ‘வந்த விருந்தாளி’ ஆகியவற்றை ஆங்கிலத்தில் பாஸ்ட் பார்ட்டிசிபிளால் சொல்ல முயன்றால் ஆசிரியர் எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார். ‘ஃபாலன் ட்ரீ’ மட்டும் சரியாம். இதில் ஏதாவது ஒழுங்கு இருக்கிறதா, ஐயா?
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: ஒழுங்கு இருக்கிறது, தம்பி. அதைப் பார்க்க முதலில் நம் வீட்டுச் சொத்தைக் கணக்கெடுக்க வேண்டும்.

பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்திருக்கிறார்: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். உன் சொல்லையே வைத்துப் பார். படித்த பெண், படித்த கண்ணாடி, படித்த பள்ளி, படித்த படிப்பு, படித்த நாள், படித்த புத்தகம். பெண் படித்தவள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், பள்ளியில் படித்தாள், புத்தகத்தைப் படித்தாள். உறவு ஆறும் வேறு வேறு, ஆனால் ‘படித்த’ என்ற சொல்லில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. எந்த உறவு என்பதைப் பின்னால் வரும் பெயரைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலத்தின் ‘எட்’ வடிவத்துக்கு இந்த ஆறில் பெரும்பாலும் ஒன்றுக்கே உரிமை உண்டு. அது செய்பொருள், அதாவது செயப்படுபொருள். ‘எ வெல்-ரெட் புக்’ என்று புத்தகத்தைச் சொல்லலாம். ‘த ஸ்டடீடு ஸ்கூல்’ என்றால் யாரோ அந்தப் பள்ளியை ஆராய்ந்தார்கள் என்று ஆகிவிடும். ‘நான் படித்த பள்ளி’ என்பதற்கு ‘த ஸ்கூல் வேர் ஐ ஸ்டடீடு’ என்று ஒரு தொடரையே கட்டத்தான் வேண்டும். ‘படித்த பெண்’ என்பதை ‘எஜுகேட்டட் வுமன்’ என்று சொல்கிறோமே என்று நீ கேட்கலாம். ‘எஜுகேட்’ என்றால் படி அன்று, கல்வி புகட்டு. ஆகவே அவள் அங்கே படித்தவள் அல்லள், படிக்கவைக்கப்பட்டவள். இங்கும் செயப்படுபொருள்தான்.

‘வந்த மனிதன்’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை ஆங்கிலம் ‘ஹூ’, ‘விச்’, ‘வேர்’ போன்ற இணைப்புச் சொற்களைக் கொண்டுதான் சொல்ல முடியும் என்பதைக் கவனித்தவர்களில் கால்டுவெல் முக்கியமானவர். 1856இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் நம் பெயரெச்சத்தை அவர் ‘ரெலட்டிவ் பார்ட்டிசிபிள்’ என்று குறிப்பிட்டார். மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது நிறுவப்பட்ட அவருடைய சிலையைக் கடந்து போகும்போது இந்தச் சொல் எனக்கு நினைவு வரும். பெயரிடுவதில் இரண்டு மரபுகளும் எப்படிப் பிரிகின்றன என்பதும் சுவையானது. கிரேக்கரும் உரோமரும் இந்தச் சொல்வகை பெயரின் இயல்பிலும் வினையின் இயல்பிலும் பங்கு கொள்கிறது என்று கண்டு ‘பங்கு கொள்வது’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். அந்த இலத்தீன் பெயர்தான் ‘பார்ட்டிசிபிள்’ ஆனது. நம்மவர்கள், வினை முற்றுப் பெறாமல் எஞ்சி நிற்கிறது என்று கண்டு ‘எச்சம்’ என்றார்கள்.

‘ஃபாலன் ட்ரீ’ எப்படிச் சரியாகும்? ‘விழு’ என்பதற்குச் செயப்படுபொருளே கிடையாதே என்றால், நியாயமான கேள்வி. செயப்படுபொருள் குன்றிய வினைகளில் சில, நிலை மாறிப்போனதை மட்டும் சொல்வதற்கு ‘எட்’ வடிவத்தை அனுமதிக்கின்றன. விழுந்த மரம், ஓய்வுபெற்ற அதிகாரி, தப்பியோடிய கைதி, மறைந்த கப்பல் ஆகியவை ‘ஃபாலன்’, ‘ரிட்டயர்டு’, ‘எஸ்கேப்டு’, ‘வேனிஷ்டு’ என்று வரும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்த பிற்பகலில் சென்னையில் இருந்தவர்களுக்கு ‘ஃபாலிங் ட்ரீ’ என்பதற்கும் ‘ஃபாலன் ட்ரீ’ என்பதற்கும் வேறுபாடு சொல்லித்தர வேண்டியதில்லை: முன்னது தலைக்கு ஆபத்து, பின்னது மறுநாள் தெருவை அடைத்துக் கிடப்பது. ஆனால் ‘வா’, ‘போ’, ‘சிரி’, ‘தூங்கு’ போன்றவற்றுக்கு இந்த உரிமை இல்லை. ‘த கம் கெஸ்ட்’, ‘த ஸ்லெப்ட் பாய்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். எனவே ‘வந்த விருந்தாளி’க்கு ‘த கெஸ்ட் ஹூ கேம்’ என்பதுதான் வழி. உன் ஆசிரியர் அடித்தது சரியே. ஏன் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

கேள்வி: என் கடை வாசலில் ஒரு பக்கம் ‘ஓப்பன்’, மறு பக்கம் ‘க்ளோஸ்டு’ என்று தொங்கும் அட்டை இருக்கிறது. ‘ஓப்பன்டு’ என்று ஏன் எழுதவில்லை? அச்சகத்தார் தவறா?
– மளிகைக் கடைக்காரர், வண்ணாரப்பேட்டை

பதில்: அச்சகத்தார் மேல் தவறில்லை. ‘ஓப்பன்’ என்பது ‘திற’ என்ற வினையாகவும் இருக்கும், ‘திறந்திருக்கிற’ என்ற பெயரடையாகவும் இருக்கும். ஆகவே நிலையைச் சொல்ல ஈறு எதுவும் தேவையில்லை. ‘க்ளோஸ்’ என்பதற்கு அப்படி ஒரு பெயரடை இந்தப் பொருளில் இல்லை (எழுத்து ஒன்றாக இருந்தாலும் வேறு ஒலிப்போடு வரும் ‘க்ளோஸ்’, அருகில் என்று பொருள்படும்). அதனால் மூடப்பட்ட நிலையைச் சொல்ல ‘எட்’ வடிவத்தைக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. ‘த ஷாப் இஸ் ஓப்பன்டு அட் நைன்’ என்று எழுதினால், ஒன்பது மணிக்கு ஒருவர் வந்து கடையைத் திறக்கிறார் என்று அந்தச் செயலைச் சொன்னதாகும். அது பிழையன்று, அட்டைக்கு உதவாது, அவ்வளவுதான்.

கடைகளைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. நம் ஊர்ச் சாலையோரப் பலகைகளில் ‘எட்’ ஈறு உதிர்ந்துகொண்டே வருகிறது. ‘ஃப்ரைடு ரைஸ்’ தப்பித்துக்கொண்டது. ‘கிரில்டு சிக்கன்’ மட்டும் ‘கிரில் சிக்கன்’ ஆகிவிட்டது. ‘பாய்ல்டு எக்’ பல தள்ளுவண்டிகளில் ‘பாயில் எக்’. ஆங்கிலேயரும் இதில் உத்தமர்கள் அல்லர்: ‘ஐஸ்டு க்ரீம்’ என்று இருந்ததைத்தான் அவர்கள் ‘ஐஸ்க்ரீம்’ ஆக்கினார்கள். ஈறு உதிராமல் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமானால் காலையில் வரும் ஆவின் பாக்கெட்டைப் பாருங்கள். நீலத்தில் ‘டோன்டு மில்க்’, பச்சையில் ‘ஸ்டாண்டர்டைஸ்டு மில்க்’. பாலுக்கு ஒன்று செய்யப்பட்டிருக்கிறது என்று இரண்டுமே சொல்கின்றன. நாம் அன்றாடம் புழங்கும் ‘ரெடிமேட்’ என்ற சொல்லில் உள்ள ‘மேட்’டும் பாஸ்ட் பார்ட்டிசிபிள்தான். முன்னரே செய்யப்பட்ட உடை.

கேள்வி: ‘ஐ ஆம் பார்ன் அண்ட் பாட் அப் இன் சென்னை’ என்று என் தற்குறிப்பில் எழுதியிருந்தேன். நண்பர்கள் சிரிக்கிறார்கள். எத்தனை பிழை?
– வேலை தேடும் இளைஞர், அம்பத்தூர்

பதில்: இரண்டு. ‘ஆம்’ என்பது ‘வாஸ்’ ஆக வேண்டும். பிறந்து முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவதுதான் நண்பர்களின் சிரிப்புக்குக் காரணம். ‘பாட்’ என்பது ‘பை’, அதாவது ‘வாங்கு’ என்பதன் பாஸ்ட் பார்ட்டிசிபிள். நீங்கள் நினைத்தது ‘ப்ராட் அப்’; அது ‘பிரிங்’ என்பதிலிருந்து வருவது. ஒரே ஒரு ரகரம் நழுவியதில் ‘சென்னையில் பிறந்து வளர்க்கப்பட்டேன்’ என்பது ‘சென்னையில் பிறந்து, மொத்தமாக விலைக்கு வாங்கப்பட்டேன்’ என்று ஆகிவிட்டது.

‘ஐ பார்ன் இன் சென்னை’ என்று ‘வாஸ்’ இல்லாமல் எழுதுகிறவர்களும் பலர். தமிழில் ‘பிறந்தேன்’ என்று நாமே வினைமுதலாக நின்று பிறந்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பெருமை தாய்க்கு மட்டுமே. ‘பேர்’ என்றால் சும, ஈன்றெடு என்று பொருள். தாய் ஈன்றெடுத்தாள், பிள்ளை ஈன்றெடுக்கப்பட்டது. அதனால்தான் செயப்பாட்டு வினைக்குரிய ‘வாஸ்’ இல்லாமல் அந்த வாக்கியம் நிற்காது. இதே வினை ‘சும’ என்ற பொருளில் வரும்போது எழுத்து சற்று மாறி, இறுதியில் ஓர் ‘இ’ சேர்த்து எழுதப்படும். செலவை இன்னார் ஏற்பார் என்னும் அலுவலகக் கடிதங்களிலும், கொசுவால் பரவும் நோய் என்பதைக் குறிக்கும் ‘மஸ்கிட்டோ-பார்ன் டிசீஸ்’ என்ற தொடரிலும் அதைக் காணலாம்.

ஈறு ஒழுங்காக ‘எட்’ என்று வராத இத்தகைய வினைகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. ‘கட் – கட் – கட்’ என்று அசையாமல் நிற்பதும் உண்டு, ‘சிங் – சாங் – சங்’ என்று உயிரெழுத்து மாறுவதும் உண்டு. ‘கோ – வென்ட் – கான்’ என்பதில் நடுவில் இருக்கும் ‘வென்ட்’ வேறு குடும்பத்திலிருந்து வந்த பிள்ளை. ‘வெண்ட்’ என்ற மற்றொரு வினையின் இறந்தகாலத்தைக் கொண்டுவந்து ‘கோ’வோடு சேர்த்துவிட்டார்கள். துணைவினையாக ‘ஹேவ்’ வரும்போது அதன் பின்னால் மூன்றாவது வடிவம்தான் வரும். ‘ஐ ஹேவ் வென்ட்’ என்பது தவறு, ‘ஐ ஹேவ் கான்’ என்பதே சரி. மூன்றையும் தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஒரே ஓசையாக வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதும்போது காது காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: நீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர்கள் ‘மை லேர்னெட் ஃப்ரெண்ட்’ என்கிறார்கள். பள்ளியில் ‘லேர்ன்ட்’ என்றல்லவா படித்தோம்?
– சட்டக் கல்லூரி மாணவி, திருவல்லிக்கேணி

பதில்: இரண்டும் சரி. ‘கற்றேன்’ என்று வினையாக வரும்போது ஓரசை. ‘கற்றறிந்த’ என்று பெயரடையாக உறைந்துவிட்டபோது ஈரசை. ‘பிளெஸ்ஸெட்’, ‘பிலவெட்’ ஆகியவையும் இப்படியே. ‘ஏஜெட் பேரண்ட்ஸ்’ என்றால் முதிய பெற்றோர். ‘எ மேன் ஏஜ்ட் சிக்ஸ்டி’ என்றால் அறுபது வயதுடையவர். 1862இல் தொடங்கிய நம் உயர் நீதிமன்றத்தின் கூடங்களில் ஈரசை ஒலிப்புதான் வழக்கம், அதையே பின்பற்றுங்கள். மற்ற ‘எட்’ சொற்களில் ‘வாண்டட்’, ‘நீடட்’ போல அடிச்சொல் டகர ஒலியில் முடிந்தால்தான் ஈறு தனி அசையாகும். ‘வாஷ்ட்’, ‘ப்ளேய்ட்’ ஆகியவை ஓரசையே. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது என்பதால், நம் நாக்கு அங்கே ஓர் உகரத்தைச் சேர்த்து ‘வாஷ்டு’ ஆக்கிவிடுகிறது. இந்தப் பத்தியிலும் பல இடங்களில் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். எழுத்துக்கு அது மன்னிக்கத்தக்கது, வாதத்தின்போது வேண்டாம்.

சட்டம் பயில்கிறவர் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதைச் சென்னை முழுவதும் ‘ட்ரங்க் அண்ட் டிரைவ்’ என்கிறோம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவைப் புரட்டுங்கள். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருக்கக்கூடாது என்று சொல்லும் அந்தப் பிரிவின் தலைப்பில் இருப்பது ‘ட்ரங்கன் பர்சன்’. ‘ட்ரங்கன்’ என்பது பழைய பாஸ்ட் பார்ட்டிசிபிள் வடிவம். வினையாகப் புழங்குவது நின்றுபோய், பெயருக்கு முன்னால் அடையாக மட்டும் நிலைத்திருக்கிறது; உருகிய உலோகத்தைச் சொல்லும் ‘மோல்டன்’ என்பதும் அவ்வாறே.

கேள்வி: ‘ஸ்விம்மிங் பூல்’ என்றால் நீந்துகிற குளமா? ‘ஸ்லீப்பிங் சைல்ட்’, ‘ஸ்லீப்பிங் பில்’ இரண்டும் ஒன்றா?
– இல்லத்தரசி, வேளச்சேரி

பதில்: குழந்தை தூங்குகிறது, மாத்திரை தூங்குவதில்லை. முன்னது பார்ட்டிசிபிள், பின்னது ஜெரண்ட், அதாவது தொழிற்பெயர். ஆங்கிலத்துக்குத்தான் இரண்டும் ஒரே தோற்றம். தமிழில் நாம் ‘தூங்கும் குழந்தை’ என்றும் ‘தூக்க மாத்திரை’ என்றும், ‘நீந்தும் சிறுவன்’ என்றும் ‘நீச்சல் குளம்’ என்றும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஐயம் வரும்போதெல்லாம் தமிழில் சொல்லிப் பாருங்கள். தொழிற்பெயர் வந்து நின்றால் அது ஜெரண்ட். இரயில் பயணச்சீட்டில் வரும் ‘வெயிட்டிங் லிஸ்ட்’ காத்திருப்புப் பட்டியல்தானே தவிர, காத்திருக்கும் பட்டியல் அன்று. (காத்திருப்பது நாம்.) பழைய ஆங்கிலத்தில் பார்ட்டிசிபிளுக்கு ‘எண்டெ’ என்றும் தொழிற்பெயருக்கு ‘உங்’ அல்லது ‘இங்’ என்றும் வேறு வேறு ஈறுகள் இருந்தன. இடைக்காலத்தில் இரண்டும் ‘இங்’ என்ற ஒரே ஈற்றில் கலந்துவிட்டன. இப்போது அவர்கள் பேச்சில் அழுத்தத்தால் மட்டும் காட்டுகிறார்கள்: ‘ஸ்லீப்பிங் பில்’ என்பதில் முதற்சொல்லில் மட்டும் அழுத்தம், ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்பதில் இரண்டிலும்.

கேள்வி: கட்டுரைப் போட்டியில் ‘வாக்கிங் அலாங் த மெரினா, த லைட்ஹவுஸ் லுக்டு பியூட்டிஃபுல்’ என்று என் மகன் எழுதியதற்கு மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். பொருள் புரியத்தானே செய்கிறது?
– தந்தை, மயிலாப்பூர்

பதில்: புரிகிறது, ஆனால் கலங்கரை விளக்கம் மணலில் இறங்கி நடந்துவிட்டது. வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் பார்ட்டிசிபிளைச் செய்கிறவர், பின்வரும் வினையின் எழுவாயாகவே இருக்க வேண்டும். ‘வாக்கிங் அலாங் த மெரினா, ஐ ஃபவுண்ட் த லைட்ஹவுஸ் பியூட்டிஃபுல்’ என்று எழுதியிருந்தால் நடந்தவன் உங்கள் மகன், கண்டவனும் அவனே.

இதை ஆங்கிலேயரின் வீண் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம். ‘மெரினாவில் நடந்து, கலங்கரை விளக்கம் அழகாகத் தெரிந்தது’ என்று தமிழில் எழுதினாலும் இடிக்கத்தான் செய்யும். ‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்பது நம் இலக்கணத்திலும் பழைய விதி. வினைமுதல் மாறினால் ‘நடந்தபோது’ என்றோ ‘நடக்க’ என்றோ எச்சத்தை மாற்றிவிடுகிறோம். இதற்கு விலக்குகளும் உண்டு. ‘கால் ஒடிந்து விழுந்தான்’ என்பதில் ஒடிந்தது கால், விழுந்தது ஆள், ஆனாலும் உறுப்பின் வினை உடையவனிடம் முடியலாம் என்று இலக்கண நூலார் இடம் தந்திருக்கிறார்கள். ‘மழை பெய்து நெல் விளைந்தது’ என்ற பழைய எடுத்துக்காட்டில் பெய்தது மழை, விளைந்தது நெல். அதை உரையாசிரியர்கள் ‘மழை பெய்ய நெல் விளைந்தது’ என்று பொருள் திரித்துக் கொண்டார்கள். எச்சம் ‘செய்து’ என்ற தோற்றத்தில் இருந்தாலும் ‘செய’ என்பதன் வேலையைச் செய்கிறது என்றார்கள்.

ஆங்கிலத்தில் அதற்கு நேரான ஏற்பாடு, பார்ட்டிசிபிளுக்கு அதன் சொந்த எழுவாயைக் கையில் கொடுத்துவிடுவது. விடுப்புக் கடிதங்களில் ‘பீயிங் எ ரெய்னி டே, ஐ குட் நாட் கம்’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். இதன்படி மழைநாளாக இருந்தது கடிதம் எழுதியவரே. முன்னால் ஓர் ‘இட்’ சேர்த்து ‘இட் பீயிங் எ ரெய்னி டே’ என்றால் எழுவாய் பிரிந்து நின்றுவிடும், பிழையும் போய்விடும். உங்கள் மகனிடம் இதைச் சொல்லும்போது, முதலில் தமிழ் வாக்கியத்தை எழுதிக் காட்டி, யார் நடந்தார்கள் என்று மட்டும் கேளுங்கள். ஆங்கில வாக்கியத்தை அவனே திருத்திவிடுவான்.